முப்பத்தெட்டு டிகிரி எங்கே இருக்கு?

கைதட்டினது போதும் தோழர்களே... கையைக் கீழே இறக்குங்க. வெயிலை அளக்கக் கருவி வாங்கி மாட்டறோம், இத்தனை டிகிரி தாண்டினா வேலையை நிறுத்தறோம்னு நம்ம ஹாலோ பிளாக் கம்பெனி ஒத்துக்கிச்சு. சரி. ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை காதுல வாங்கிக்குங்க. டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடறேன்.

ஆரணிப் பக்கம் ஒரு அரிசி ஆலை. அவிச்ச நெல்லைச் சிமெண்டுக் களத்துல பரப்பி, அரைமணிக்கு ஒரு தடவை கிண்டி விடணும். கிண்டறது யாரு? ஏழு பொம்பளைங்க. எதால? காலால. வெறுங்காலால. நெல்லு மேல செருப்புப் படக் கூடாதாம்.

போன சித்திரையில தேவகின்னு ஒருத்தி களத்து நடுவுலயே மயங்கி விழுந்துட்டா. தூக்கினப்போ கன்னத்துல நெல்லு அச்சாப் பதிஞ்சிருந்தது. மூணு நாள் ஆஸ்பத்திரி. "இன்னொரு தடவை இப்படி விழுந்தா, என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா"ன்னு டாக்டர் சொல்லி அனுப்பினார். பத்தாம் நாள் அவ மறுபடி களத்துல நின்னா. வேற எங்க போய் நிப்பா?

அப்போ காசியம்மாள்னு ஒரு அம்மா, அந்த ஏழு பேருக்கும் அவங்கதான் வாய், முதலாளி தணிகாசலத்துக்கிட்ட போய் நின்னாங்க. "பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் எங்களை விட்டுடுங்க சார். அந்தப் பொண்ணு செத்துடும்."

முதலாளி நல்லவர்தான்... பேச்சுல. "நாப்பது டிகிரி தாண்டினா யாரும் களத்துல இறங்க வேணாம். எழுதியே தர்றேன். கருவியும் நானே வாங்கறேன்." எழுதித் தந்தார். இவங்களும் உங்களை மாதிரியே கைதட்டினாங்க.

கடையில ரெண்டு ரகம். ஒண்ணு வெப்பம் மட்டும் காட்டும். இன்னொண்ணுல மழையை அளக்கிற கிண்ணமும் தனியா வரும். முதலாளி எதை எடுத்தார்? மழைக் கிண்ணம் வெச்சதை. நெல்லு நனையக் கூடாது பாருங்க!

எலக்ட்ரீஷியன் ரஃபீக் வந்தார். வயரே கிடையாது. வெப்பம் பார்க்கிற பெட்டி வெளியில, எண்ணைக் காட்டுற திரை முதலாளியோட ஏசி ரூம்ல. முதல்ல வெளிப் பெட்டிக்குப் பேட்டரி, அப்புறம் திரைக்கு. பெட்டியைப் பாய்லர் கொட்டகைக்குள்ள மாட்டினார். திரையில ரெண்டு கோடுதான் வந்தது, எண்ணு வரல. கொட்டகைத் தகரம் சிக்னலை மறைக்குது. களத்துக் கம்பத்துல மாட்டினார். வந்துச்சு... நாப்பத்தேழு!

"என்னய்யா ரஃபீக், கடைக்காரன் ஓட்டை மிஷினை என் தலையில கட்டிட்டானா?"

"இல்லண்ணே, மிஷினோட வந்த புத்தகத்துல போட்டிருக்கு. நேர் வெயில்ல மாட்டக் கூடாதாம். பெட்டி சூடேறித் தப்பாக் காட்டுமாம். சீக்கிரம் கெட்டும் போயிடுமாம். நிழலா, காத்தோட்டமா, அஞ்சடி உயரத்துல மாட்டணுமாம்."

"அப்படிப் போடு! தண்ணித் தொட்டிக்கிட்ட புங்கமரம் இருக்கில்ல?"

புங்கமரத்துல மாட்டினார். முப்பத்தெட்டு.

ரஃபீக் மேல தப்பில்ல தோழர்களே. காத்தோட வெப்பத்தை எல்லா ஊர்லயும் நிழல்லதான் அளக்கறாங்க. கருவியும் பொய் சொல்லல. ஆனா வேலை நிழல்லயா நடக்குது?

தினம் மத்தியானம் காசியம்மாள் போய்க் கேப்பாங்க. "எவ்ளோ சார்?" "முப்பத்தெட்டும்மா." மறுநாள்? "முப்பத்தொம்பது. நாப்பது ஆகட்டும், நானே கூப்பிட்டுச் சொல்றேன்." நாலாம் நாள் தேவகி களத்து ஓரத்துல வாந்தி எடுத்துட்டு, வாயைத் துடைச்சுக்கிட்டு மறுபடி நெல்லுக்குள்ள இறங்கினா.

அன்னிக்குச் சாயங்காலம் காசியம்மாள் ரஃபீக்கைப் பிடிச்சாங்க. "தம்பி, அந்தப் புத்தகத்துல என்னதான் போட்டிருக்கு? படி." படிச்சார். முழுசாக் கேட்டாங்க.

மறுநாள் பன்னெண்டு மணி. களத்துல ஒருத்தரும் இல்ல. ஏழு பேரும் புங்கமரத்தடியில, அந்தப் பெட்டிக்கு நேர் கீழே!

முதலாளி ஓடி வர்றார். "என்ன கூத்து இது? எழுந்திரிங்க! நாப்பது ஆகல, முப்பத்தெட்டுதான்!"

"தெரியும் சார். அதான் இங்க வந்தோம். முப்பத்தெட்டு இங்கதானே இருக்கு? நெல்லை இங்க கொண்டாந்து கொட்டுங்க, கிண்டறோம்."

"அறிவிருக்கா? நிழல்ல நெல்லு காயுமா?"

"காயாது. நெல்லுக்கு வெயில் வேணும், ஒத்துக்கறோம். மிஷினுக்கு நிழல் வேணும், அதையும் ஒத்துக்கறோம். வெயில்ல வெச்சா கெட்டுப் போயிடும்னு அதுக்கு ஒரு புத்தகமே போட்டு அனுப்பியிருக்கான். தேவகிக்கு எவன் சார் புத்தகம் போட்டான்?"

தேவகி உக்காந்த இடத்துல இருந்தே, "எனக்கு அஞ்சடி உயரம்கூட வேணாம் சார், தரையே போதும்"னா. எல்லாரும் சிரிச்சாங்க. முதலாளி சிரிக்கல.

ரெண்டு நாள் உக்காந்தாங்க. கிண்டாத நெல்லு மேல முறுகி, அடியில ஈரமா நின்னு, அரைச்சா பாதிக்குப் பாதி குருணையா விழுந்தது. மூணாம் நாள் பழைய தாளைக் கிழிச்சுட்டு முதலாளி புதுசு எழுதினார். அதுல டிகிரியே இல்ல. சித்திரை, வைகாசி ரெண்டு மாசமும் பன்னெண்டுல இருந்து மூணு வரை களத்துல யாரும் இறங்கக் கூடாது. அவ்வளவுதான். அவர் மனசு இளகிடுச்சுன்னு நினைக்காதீங்க. அரிசி உடைஞ்சுது, அதான் எழுதினார்.

இப்போ உங்களைக் கேக்கறேன். கம்பெனி கருவி வாங்குது. எந்தக் கருவின்னு கேட்டீங்களா? எங்க மாட்டுவாங்கன்னு கேட்டீங்களா? அந்த எண்ணை யார் ரூம்ல வெச்சுப் படிப்பாங்கன்னு கேட்டீங்களா? கேக்காம கைதட்டினீங்க. அளக்கறவன் நிழல்ல நிப்பான், வேலை செய்யறவன் வெயில்ல நிப்பான், எண்ணு மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணாம்! இதுக்குப் பேர் அறிவியல் இல்ல... ஏமாத்து.

கருவி வேணாம்னு நான் சொல்லல. வரட்டும், நல்லதாவே வரட்டும். ஆனா நாளைக்கு மேனேஜர் தாளை நீட்டும்போது டிகிரிக்குக் கையெழுத்துப் போடாதீங்க. மணிக்குப் போடுங்க. பன்னெண்டுல இருந்து மூணு. அது தாள்ல இல்லேன்னா, பேனாவை மூடி வெச்சுட்டு... போய் நிழல்ல உக்காருங்க.