கோம் ஓம்போவில் இறங்கியவர்

அந்தக் கப்பலில் காலைச் சாப்பாடு நன்றாக இருந்தது. மொச்சைக் கடைசல், வெள்ளைப் பாலாடைக்கட்டி, சூடான ரொட்டி. நான் எதையும் சமைக்க வேண்டியிருக்கவில்லை. கடைசி நாள் என்பதால் அப்பாவும் நானும் மேல்தளத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இரண்டு கரையிலும் பேரீச்ச மரங்கள் மெதுவாகப் பின்னால் போயின. எல்லோரும் அதைப் படம் எடுத்தார்கள். நான் அப்பாவின் தாடையில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பயணம் என் தம்பி ஹிஷாமின் ஏற்பாடு. குவைத்திலிருந்து பேசினான். "அக்கா, நீயும் கொஞ்சம் ஓய்வெடுக்க வேணாமா? நைல்ல நாலு நாள் போயிட்டு வா. அப்பாவையும் கூட்டிட்டுப் போ, அவருக்கும் ஒரு மாறுதலா இருக்கும்."

அவன் நல்லவன். அப்பாவை வைத்துக்கொண்டு ஓய்வெடுக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவன் எங்களோடு இருந்ததில்லை.

அப்பாவுக்கு நினைவு தப்பிப் பல வருஷம் ஆகிறது. தன்தாவில், எங்கள் வீட்டில், அவர் எழுந்து தெருவில் இறங்கிவிடாதபடி என் கணுக்காலையும் அவர் கணுக்காலையும் என் முக்காட்டுத் துணியால் கட்டிக்கொண்டுதான் படுப்பேன். சவ்சன் என்ற என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்பார். சில நாள் உண்மையைச் சொல்வேன். சில நாள் பக்கத்து வீடு என்பேன். அப்படிச் சொன்னால் நன்றி சொல்வார்.

முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். எங்கள் தெருவை உங்களுக்குத் தெரியாது, ஐயா. பெற்ற தகப்பனை இல்லத்தில் தள்ளியவள் என்று நான் சாகும்வரை பேசுவார்கள். தகப்பனைத் தொலைத்தவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தருவார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் அறைக்குக் கூட்டிப்போய் அவர் மீசையை மழித்தேன். முந்தின நாள் விருந்துக்காகக் கப்பலில் எல்லோரும் கலாபியா அங்கி வாங்கியிருந்தோம். அந்தச் சாம்பல் நிற அங்கியைப் போட்டுவிட்டேன். பார்ப்பதற்கு அந்தப் பக்கத்து விவசாயி மாதிரி இருந்தார். அடையாள அட்டையை ஆற்றில் போட்டேன்.

கோம் ஓம்போவில் எல்லோரும் கோயில் பார்க்க இறங்கினார்கள். நாங்கள் கூட்டத்தை விட்டு விலகி, கரும்பு வண்டிகள் போகும் சாலைக்கு நடந்தோம். அங்கே ஒரு மரத்தடியில், நிழலாகப் பார்த்துத்தான் உட்கார வைத்தேன்.

"இங்கயே இருங்கப்பா. டீ வாங்கிட்டு வரேன்."

அவர் என் கையைப் பிடித்தார். "வெயில்ல ரொம்ப நிக்காதே, சவ்சன். உனக்குத் தலைவலி வந்துடும்."

எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தத் தலைவலி உண்டு.

"சரிப்பா" என்றேன். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு நடந்தேன். வெயில் அதிகமாகத்தான் இருந்தது.

கரையில் இறங்கும்போது ஆளுக்கொரு அட்டை தருவார்கள், கப்பலுக்குத் திரும்பியதும் வாங்கி எண்ணிக்கொள்வார்கள். இரண்டையும் நானே திருப்பிக் கொடுத்தேன்.

எங்கள் அறையைக் கவனித்துக்கொண்ட பக்ரி, "ஹாஜி எங்கம்மா?" என்று கேட்டான்.

"முன்னாடியே வந்து படுத்துட்டார். எழுப்பிடாதே."

கப்பல் கிளம்பியது. நான் அறைக்குப் போய்த் தூங்கினேன். கட்டில் முழுவதும் எனக்கு. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் காலை நீட்டலாம்.

அஸ்வானில் பெட்டியை எடுக்க பக்ரி வந்தான். கையில் துண்டை மடித்துச் செய்த முதலை. அப்பாவுக்கு அது பிடிக்கும், தினமும் அதனோடு பேசுவார். பக்ரி காலியான கட்டிலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அப்பாவைக் காணோம் என்று நான் அழுதேன். அந்த அழுகை நடிப்பில்லை, தானாகத்தான் வந்தது.

சாயங்காலம் இதே போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் போனில் ஒரு படம் காட்டினீர்கள். ஒரு விவசாயி வீட்டுத் திண்ணையில் கிழவர் ஒருவர் உட்கார்ந்திருக்க, அந்த வீட்டுப் பெண் நஈமா அவருக்கு ரொட்டி ஊட்டிக்கொண்டிருந்தாள். "ரோட்டோரம் தனியா உட்கார்ந்திருந்தாராம். பேர் சொல்லத் தெரியல. உங்க அப்பாவா பாருங்கம்மா" என்றீர்கள்.

"இவர் இல்லீங்க. எங்கப்பாவுக்குப் பெரிய மீசை" என்றேன். பெற்ற மகளே இவர் இல்லை என்று சொன்ன பிறகு நீங்கள் வேறு யாரைக் கேட்பீர்கள்? படத்தில் அந்த வீடு நிறைய ஆட்கள் தெரிந்தார்கள். இங்கே நான் ஒருத்திதான்.

விடிவதற்குள் அவர் எழுந்து நடந்து வாய்க்காலில் விழுந்தார் என்று இன்று சொன்னீர்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை. படத்தில் இருந்தவர் என் அப்பாதான். பார்த்தவுடனே தெரிந்தது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அந்த நஈமாவையும் கூப்பிட்டு விசாரியுங்கள். வயதான மனிதரைப் பொறுப்பில் வைத்துக்கொண்டு, கதவைக்கூடத் தாழிடாமல், அவளுக்கு எப்படித் தூக்கம் வந்தது?