மேடையில் ஒரு பச்சைச் சட்டை

மார்ச் பதினேழாம் தேதி, பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் உள்ள என் ஸ்டுடியோவிலிருந்து கல்யாண ஆல்பம் ஒன்று பெண் வீட்டாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பெண்ணின் தாய்மாமா அதில் ஒரு பக்கத்திலும் இல்லை.

அதைப் பற்றித்தான் நம் போட்டோகிராபர் சங்கத்தில் விசாரிக்கிறீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை.

எங்கள் தொழிலில் படம் பிடிப்பதைவிடக் கழித்துக்கட்டுவதுதான் பெரிய வேலை. ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் படம் சேரும். ஆல்பத்துக்கு இருநூறு போதும். கண்ணை மூடியவர்கள், கொட்டாவி விட்டவர்கள், வாய் நிறையச் சாப்பாட்டோடு நிமிர்ந்தவர்கள் எல்லாரும் முதல் சுற்றிலேயே போய்விடுவார்கள். மிஞ்சியதில் திருத்தம் செய்வேன். மணப்பெண்ணின் பருவை நீக்குவேன். மாப்பிள்ளையின் அக்குள் வியர்வையைக் காயவைப்பேன். சுவரில் தெரியும் பிளக் பாயின்ட்டையும், யாரோ மேடையில் வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலையும் எடுத்துவிடுவேன். பாட்டிலைக் காணோமே என்று இதுவரை யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

அந்த மேடையில் பூ, திரை, நாற்காலி உறை, பெண்ணின் அம்மா கட்டியிருந்த சேலை எல்லாமே சந்தன நிறமும் வெளிர் ரோஜாவும்தான். நடுவில் மாமா, கிளிப்பச்சைச் சட்டையில். பக்கத்தில் நின்றவர்களின் கன்னத்தில்கூட அந்தப் பச்சை ஏறியிருந்தது. மாப்பிள்ளை ஏதோ பெரிய வியாதியிலிருந்து அன்றுதான் எழுந்து வந்தவர் போலிருந்தார். பத்துப் பேர் முகத்தைத் திருத்துவதா, ஒரே ஒரு ஆளை எடுப்பதா? நீங்களும் தொழில் தெரிந்தவர்கள்.

மாமா மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் கிடையாது. மண்டபத்தில் அவர் என்னைப் பார்த்து, "என்னப்பா போட்டோ, இவ்ளோ பெரிய கேமராவைத் தூக்கிட்டு அலையிற? என் போன்லயே இதைவிட நல்லா வருதே" என்று சொன்னது உண்மைதான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது அவர் இடது கையில் ஆரஞ்சு ஜூஸ் இருந்தது, பாதிக்கும் கொஞ்சம் கீழே, ஸ்ட்ரா வளைந்திருந்தது. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.

ஒருவரை நீக்குவது சிரமமே இல்லை. பின்னால் இருந்த திரையைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, இரண்டு பக்கமும் நின்றவர்களைச் சற்று நெருக்கி வைத்தேன். பெண்ணின் அம்மா ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்து, "இது எங்க குடும்பமா? இவ்ளோ ஒத்துமையா நிக்குது?" என்று கேட்டார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே இன்னொன்றும் கேட்டார். குடும்பப் படத்தில் அவர் தோளின் மேல் நாலு விரல்கள் இருந்தன. சேலையின் ஜரிகையோடு ஒட்டியிருந்ததால் நான் விட்டுவைத்த விரல்கள்.

"இது யாரு கை?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாராவது இருக்கும்மா."

ஒத்துக்கொண்டார். கல்யாண ஆல்பத்தில் அடையாளம் தெரியாத எதுவும் எதிர்த்தரப்பைச் சேர்ந்தது. அதே கையைப் பெண் வீட்டுக் கை என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன்.

கொஞ்ச நாளில் மாமா ஸ்டுடியோவுக்கு வந்தார். சாம்பல் நிறச் சட்டை. ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார்.

"அக்கா பேச மாட்டேங்குது தம்பி. எவனோ மாதிரி வந்து சாப்பிட்டுட்டுப் போயிட்டே, மேடைக்குக்கூட ஏறலைங்குது. நான் அதுக்குப் பின்னாடிதானே நின்னேன். அது அழுதுக்கிட்டே இருந்துச்சு, திரும்பியே பாக்கலை. தோள்ல கை வச்சிருந்தேன். ஒரே ஒரு படம் இருந்தா போதும்."

போனில் இல்லையா என்று கேட்டேன். காட்டினார். எல்லாரும் இருந்தார்கள், எடுத்தவர் அவர் என்பதால் அவர் மட்டும் இல்லை. படங்கள் நன்றாகத்தான் வந்திருந்தன.

ஆல்பம் கொடுத்த கையோடு மூலப் படங்களை அழித்துவிடுவோம் என்று சொன்னேன். அழிப்பதில்லை. அவை இருந்த ஹார்ட் டிஸ்க் அவர் முழங்கைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. நான் கொடுத்த தண்ணீர் டம்ளரை அதன் மேல் வைக்கப் போனார். டிஸ்கைத் தள்ளி வைத்தேன்.

வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"நான் மேடையில ஏறினேன்ல தம்பி? நீதானே எடுத்தே?"

"நிறைய பேர் ஏறினாங்க சார். சரியா ஞாபகமில்லை."

தலையாட்டினார். ஏறவில்லையோ என்று அவரே யோசிக்க ஆரம்பித்தது முகத்தில் தெரிந்தது. திருத்தம் சுத்தமாக அமைந்தால் அப்படித்தான்.

ஆகஸ்டில் அவருடைய மகளுக்குக் கல்யாணம். அக்கா போகவில்லை. "என் பொண்ணு மேடைக்கு நீ ஏறலை. உன் பொண்ணு மேடைக்கு நான் மட்டும் ஏறணுமா?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாராம். அந்தக் கல்யாணத்தை வேறு ஸ்டுடியோ எடுத்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

போன வாரம் அக்கா ஆல்பத்தோடு வந்தார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். தோளில் கை இருந்த பக்கத்தை என் முன்னால் விரித்து வைத்தார்.

"இந்தச் சுண்டுவிரல் கோணலா இருக்கு, பாத்தீங்களா? சின்ன வயசுல நான் கதவைச் சாத்தினதுல நசுங்கினது. இது யார் விரல்னு எனக்கா தெரியாது? என் தம்பியை எங்க வச்சிருக்கீங்க?"

"டிஸ்க்ல இருக்காரும்மா" என்றேன்.

கம்ப்யூட்டர் திரையில் போட்டுக் காட்டினேன். பச்சைச் சட்டை மேல் விரலை வைத்தார்.

"இந்தச் சட்டை நான் எடுத்துக் கொடுத்தது. அவ்ளோ கூட்டத்துல என் கண்ணுக்குத் தப்பாம இருக்கணும்னு."

அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, தம்பி மகள் கல்யாண மேடைப் படத்தில் அவரையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னேன், இலவசமாகவே. யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி செய்வேன் என்றும் சொன்னேன். அவர் ஆல்பத்தை மூடி எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டார்.

நடந்தது இவ்வளவுதான். நிறம் ஒத்துவரவில்லை, எடுத்தேன். இதில் சொந்த விருப்பு வெறுப்புக்கு இடமே இல்லை.

கல்யாணத்தன்று மாலை வரவேற்புக்கு மாமா வெள்ளைச் சட்டைக்கு மாறியிருந்தார். கடைசிவரை வாசலில் நின்று, அக்கா சார்பில் வந்தவர்களை எல்லாம் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தார். அந்தப் படங்களிலிருந்தும் அவரை எடுத்துவிட்டேன்.