லோக்கல் ஆளுக்கு ரூம் இல்லை

ஹரிணி: அந்தக் கார்டை எதுக்கு எடுத்து நீட்டுனீங்க?

யோகராஜ்: ஐடி கேட்டான்... குடுத்தேன்.

ஹரிணி: ஐடி கேட்டா ஆதாரைக் குடுக்கணும், லைசென்ஸைக் குடுக்கணும். லாட்ஜுல போய் யாராவது ஐலண்டர் கார்டை நீட்டுவாங்களா? அது தீவுக்காரங்களுக்குக் கப்பல் டிக்கெட்டுல சலுகை குடுக்கத்தானே?

யோகராஜ்: கை தானாப் போயிருச்சு. நாள் முழுக்க டிக்கெட் கவுண்டர்ல உக்காந்து ‘ஐலண்டர் கார்டு எடுங்க, ஐலண்டர் கார்டு எடுங்க’ன்னு கத்துற ஆளு நான். கார்டைப் பாத்தா ரேட்டு கொஞ்சம் குறைப்பானோன்னு...

ஹரிணி: குறைச்சானா?

யோகராஜ்: மொதல்ல கொஞ்சம் தண்ணி குடி.

ஹரிணி: வாயத் திறந்து சொல்லுங்க. குறைச்சானா?

யோகராஜ்: ‘லோக்கல் நஹி சலேகா’ன்னுட்டான். உனக்குத்தான் கேட்டுச்சே.

ஹரிணி: கேட்டுச்சு. உள்ளூர்க்காரனுக்கு ரூம் இல்லையாம். நல்லாக் கேட்டுச்சு. பொறந்து வளந்த ஊர்ல, தாலி கட்டுன பொண்டாட்டியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நிக்கிறவனுக்கு ரூம் இல்லையாம்!

யோகராஜ்: மெதுவா... அந்த வாட்ச்மேன் பாக்குறான்.

ஹரிணி: பாக்கட்டும். பார்க்குல பெஞ்சுல உக்காந்தது குத்தமா? ரெண்டாவது தடவை சுத்தி வர்றான். விசிலை வாயிலயே வச்சிருக்கான் பாருங்க.

யோகராஜ்: ஜோடியா உக்காந்தா அப்படித்தான் சுத்துவான். கொஞ்சம் தள்ளி உக்காரு. பையை நடுவுல வை.

ஹரிணி: என்னது?

யோகராஜ்: சும்மா... பாக்குறவங்களுக்கு.

ஹரிணி: எட்டு மாசம் ஆச்சு கல்யாணம் முடிஞ்சு. இன்னும் நடுவுல பை! ஆதார்ல என்ன போட்டிருக்கு உங்களுக்கு?

யோகராஜ்: பத்துபஸ்தி வீட்டு அட்ரஸ்தான். எதைக் குடுத்திருந்தாலும் இதேதான் ஹரிணி. லோக்கல் அட்ரஸைப் பாத்தாலே அவனுங்களுக்கு ஒரே அர்த்தம்தான். வீடு இருக்கிறவன் எதுக்கு ரூம் கேக்குறான்னு...

ஹரிணி: எதுக்குக் கேக்குறான்? வீட்டுல ரூம் இல்லாததுக்குத்தான் கேக்குறான்! நமக்கு முன்னாடி நின்னுச்சே ஒரு ஜோடி, மெயின்லேண்டுல இருந்து... அந்தப் பொண்ணுக்கு இளநீர் என்ன, சங்கு மாலை என்ன! அதுங்ககிட்ட கல்யாணம் ஆச்சான்னு கேட்டானா?

யோகராஜ்: டூரிஸ்ட்டு. அவங்ககிட்ட கேக்க மாட்டான்.

ஹரிணி: என்னைக் கேட்டான். தாலியை எடுத்துக் காட்டுனேன். என்ன சொன்னான்?

யோகராஜ்: அதை விடு...

ஹரிணி: ‘மேடம், இதெல்லாம் எல்லாரும் போட்டுட்டுத்தான் வர்றாங்க’ன்னு சொன்னான். நீங்களும் நின்னு கேட்டுட்டு, கார்டை வாங்கிப் பையில வச்சுக்கிட்டு, ‘டீக் ஹை, சரி’ன்னுட்டு வந்துட்டீங்க.

யோகராஜ்: வேற என்ன பண்ணச் சொல்றே? சட்டையைப் பிடிக்கவா? அவன் நம்பர் கேட்டு அப்பாவுக்குப் போன் போட்டான்னா? இந்த ஊர்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

ஹரிணி: அதான் மூணாவது லாட்ஜுலயும் வாய் பேசாம வந்தாச்சு.

யோகராஜ்: இப்ப கோவப்பட்டு என்ன ஆகப் போகுது? மணி நாலே முக்கால். இந்தத் தீவுல அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிரும். அதுக்குள்ள ஒரு முடிவு பண்ணணும்.

ஹரிணி: என் ஆதார்ல இன்னும் சிவகங்கைதான் இருக்கு. நான் டூரிஸ்ட்டுன்னு சொல்லி ஒரு ரூம் போடுறேன். அப்புறம் நீங்க வாங்க.

யோகராஜ்: பொம்பள தனியா வந்து ரூம் கேட்டாலே மேலயும் கீழயும் பாப்பான். அப்புறம் லோக்கல் ஆம்பள ஒருத்தன் ராத்திரி மாடி ஏறி வந்தா... அரே, போலீஸே வந்துரும். பேப்பர்ல நம்ம போட்டோ.

ஹரிணி: கப்பல்? ராத்திரிக் கப்பல்ல கேபின் இருக்குன்னீங்களே. போயிட்டு அப்படியே திரும்பி வந்துரலாம். கதவு இருக்கும்ல?

யோகராஜ்: கதவு இருக்கு. டிக்கெட் போடுறது என் செக்‌ஷன். செக் பண்றது எங்க சித்தப்பா.

ஹரிணி: கடவுளே!

யோகராஜ்: பேசாம நிஜமாவே பாம்பூஃப்ளாட்டுக்குப் போயிருவோமா? வீட்டுல சொன்ன மாதிரியே. சாத்தம்ல படகு ஏறுனா கொஞ்ச நேரம். என் ஃபிரண்டு சுதாகர் வேண்டாம்னா சொல்லப் போறான்?

ஹரிணி: சுதாகர் குழந்தைக்குப் பொறந்த நாள்னு உங்க அம்மாகிட்ட பொய் சொன்னது நானு. அந்தக் குழந்தைக்கு அடுத்த மாசம்தான் பொறந்த நாள். போய் நின்னா என்னன்னு சொல்லுவீங்க?

யோகராஜ்: சும்மா பாக்க வந்தோம்னு...

ஹரிணி: சரி, போனோம். எங்க படுப்போம்? அவன் பொண்டாட்டி கூட நான் உள்ள. சுதாகர் கூட நீங்க வெளிய. நடுவுல அவங்க அம்மா. அதுக்கு நம்ம வீடே தேவலையே!

யோகராஜ்: அதுவும் சரிதான்.

ஹரிணி: சிரிக்காதீங்க. நம்ம வீடுன்னு சொன்னேன் பாருங்க, அதை வீடுன்னு சொல்றதா, வெயிட்டிங் ஹால்னு சொல்றதா? ஒரு ரூம்ல அத்தை மாமா. இன்னொண்ணுல உங்க தங்கச்சி ப்ரியங்கா, பரீட்சைக்குப் படிக்கிறா. ஹால்ல நாம. நாம மட்டுமா? லாங் ஐலண்டுல இருந்து பல்லு காட்ட வந்த குருநாதன் மாமா!

யோகராஜ்: பாவம், வலி...

ஹரிணி: பல்லைப் புடுங்கி ரெண்டு மாசம் ஆச்சு. மனுஷன் இன்னும் ஹால்ல குறுக்கால படுத்திருக்கார். பாத்ரூம் போறவங்க எல்லாம் நம்ம தலையைத் தாண்டித்தான் போறாங்க. ஒரே பாய்ல படுத்துக்கிட்டு எனக்கு போன்ல மெசேஜ் அனுப்புறீங்க... ‘தூங்கிட்டியா’ன்னு.

யோகராஜ்: பதில் போட்டியே நீயும். ஸ்மைலி போட்டு.

ஹரிணி: போட்டேன். உடனே குருநாதன் மாமா, ‘யாருப்பா அது, லைட்டு கண்ணுல அடிக்குது’ன்னார். போர்வைக்குள்ள போனைப் போட்டு அமுக்குனேன். திருடி மாதிரி!

யோகராஜ்: ப்ரியங்கா பரீட்சை முடியட்டும், ரூமை நமக்குக் குடுக்கச் சொல்றேன்.

ஹரிணி: குடுத்தா மட்டும்? பகல்ல கதவைச் சாத்துனா ‘என்னம்மா அவசரம்’னு கேக்குறாங்க உங்க அம்மா. அதே வாயால மாசாமாசம் காலண்டரைப் பாத்து, ‘இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா’ன்னு கேக்குறாங்க. எங்கிருந்துங்க வரும் விசேஷம்? கப்பல்லயா?

யோகராஜ்: ஷ்ஷ்... ஹரிணி!

ஹரிணி: பாத்தீங்களா? இதுதான். எட்டு மாசமா ‘ஷ்ஷ்’. கிசுகிசுன்னு பேசிப் பேசி என் குரலே எனக்கு மறந்து போச்சு. எங்க வீட்டுல நான் பேசுனா நாலு வீடு தள்ளிக் கேக்கும். தெரியுமா உங்களுக்கு?

யோகராஜ்: பொண்ணு பாக்க வந்தப்ப அமைதியாத்தான் இருந்தே.

ஹரிணி: பேச விட்டாங்களா? சரி... ஒண்ணு கேக்குறேன். குவார்ட்டர்ஸ் என்ன ஆச்சு?

யோகராஜ்: எந்தக் குவார்ட்டர்ஸ்?

ஹரிணி: உங்க ஆபீஸ் குவார்ட்டர்ஸ். லிஸ்ட்டுல பேர் இருக்குன்னீங்களே. இப்ப எத்தனாவது நம்பர்?

யோகராஜ்: அது... முப்பத்தொண்ணு.

ஹரிணி: தீபாவளிக்கு முன்னாடியும் முப்பத்தொண்ணுதான் சொன்னீங்க.

யோகராஜ்: நகரலை. கவர்மெண்டு வேலை, அப்படித்தான். ஒருத்தன் ரிட்டயர் ஆனாத்தான் ஒருத்தன் உள்ள போக முடியும்.

ஹரிணி: ம்.

யோகராஜ்: என்ன ‘ம்’?

ஹரிணி: ஒண்ணும் இல்ல. நகரலைன்னீங்க, கேட்டுக்கிட்டேன்.

யோகராஜ்: ஆமா, நீ ஏன் இவ்வளவு பிடிவாதமா இன்னைக்கே ரூம் வேணும்னு... மத்லப், அதாவது எனக்கும் ஆசைதான். ஆனா நீயா வந்து கேட்டே பாரு... ராத்திரி எல்லாம் தூக்கமே வரல எனக்கு.

ஹரிணி: ரொம்பக் கற்பனை பண்ணாதீங்க. உங்ககூடப் பேசணும்.

யோகராஜ்: பேசவா? அதை இங்கயே பேசலாமே.

ஹரிணி: இங்க பேசுற பேச்சு இல்ல அது. நாலு சுவர் வேணும், ஒரு கதவு வேணும், அதுக்குத் தாப்பா வேணும்.

யோகராஜ்: பயமுறுத்துறியே... அய்யோ. திரும்பாத. திரும்பாத!

ஹரிணி: யாரு?

யோகராஜ்: பன்னீர்செல்வம் அண்ணன். எங்க ஆபீஸ் எஸ்டாப்ளிஷ்மெண்ட் செக்‌ஷன்ல ஃபைல் பாக்குறவர். நம்ம லைன்லயே நாலாவது வீடு. வாக்கிங் வர்றார். பையைக் காலுக்கடியில தள்ளு. தள்ளு!

பன்னீர்செல்வம்: யாரு, யோகராஜா? அட, மருமகளுமா! என்னப்பா, பையும் கையுமா?

யோகராஜ்: ஆஸ்பத்திரிக்கு வந்தோம்ணே.

ஹரிணி: கோயிலுக்கு வந்தோம்ணே.

பன்னீர்செல்வம்: ஆஸ்பத்திரியா, கோயிலா?

யோகராஜ்: மொதல்ல ஆஸ்பத்திரி... அப்புறம் கோயில்.

பன்னீர்செல்வம்: ஓ... ஓஹோ! ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு நேரா கோயிலா? அப்ப விசேஷம்னு சொல்லு!

ஹரிணி: அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. இவருக்குத்தான் தொண்டையில ஏதோ அடைச்சுக்கிச்சு. சொல்ல வேண்டியது எதுவும் வெளிய வரமாட்டேங்குது.

பன்னீர்செல்வம்: அப்படியா? பனிக்காத்துல உக்காராத. காலையில உங்க அம்மா பாம்பூஃப்ளாட்டுல ஏதோ பொறந்த நாள்னு சொன்னாங்களே?

யோகராஜ்: அது... தள்ளி வச்சுட்டாங்க.

பன்னீர்செல்வம்: பொறந்த நாளையா?

யோகராஜ்: ஃபங்ஷனை.

பன்னீர்செல்வம்: சரி சரி. பொண்ணே, உனக்கு ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. நீ குடுத்து வச்சவ. இந்தக் காலத்துல பெத்தவங்களை இப்படி நினைக்கிற புள்ள கிடைக்காது. இவன் எழுதிக் குடுத்த லெட்டரை என் கையாலதான் ஃபைல்ல போட்டேன். எவன் எழுதிக் குடுப்பான் அப்படி? ஜனங்க அடிச்சுக்கிட்டு நிக்குது, இவன் என்னடான்னா...

யோகராஜ்: அண்ணே! பஸ்ஸு... உங்க பஸ்ஸு வந்துருச்சு பாருங்க!

பன்னீர்செல்வம்: எனக்கு எதுக்குப்பா பஸ்ஸு, நடக்கத்தானே வந்தேன்.

யோகராஜ்: எங்களுக்குத்தான்ணே. சொல்ல வந்தேன். நாங்க கிளம்புறோம்.

பன்னீர்செல்வம்: போங்க, போங்க. விளக்கு வைக்கிற நேரத்துல வீட்டுப் பொண்ணு வெளிய இருக்கக் கூடாது. நான் உங்க அம்மாகிட்ட சொல்லிடுறேன், பார்க்குல பாத்தேன்னு.

யோகராஜ்: வேண்டாம்ணே...

பன்னீர்செல்வம்: அட, அதுல என்ன சிரமம் எனக்கு!

யோகராஜ்: போச்சு. அவர் வீட்டுக்குப் போறதுக்குள்ள அம்மா போன் வந்துரும். எழுந்திரு. இருட்டுறதுக்குள்ள போயிருவோம். ஃபங்ஷனைத் தள்ளி வச்சுட்டாங்க, அதான் திரும்பிட்டோம்னு சொல்லிக்கலாம்.

ஹரிணி: என்ன லெட்டர்?

யோகராஜ்: எது?

ஹரிணி: அவர் ஃபைல்ல போட்டது.

யோகராஜ்: அவரா... அவருக்கு வேற வேலை இல்ல. ஏதோ லீவு லெட்டர்.

ஹரிணி: லீவு லெட்டருக்கு ஜனங்க அடிச்சுக்கிட்டு நிக்குதா?

யோகராஜ்: ஹரிணி, வீட்டுக்குப் போய்ப் பேசலாம்.

ஹரிணி: வீட்டுல எங்க பேச? மாமா தலைமாட்டுலயா, ப்ரியங்கா கதவுக்கிட்டயா? மெசேஜ் போடவா?

யோகராஜ்: அந்த வாட்ச்மேன் மறுபடியும் வர்றான்...

ஹரிணி: வரட்டும். அவனும் கேக்கட்டும். சொல்லுங்க.

யோகராஜ்: நீ கோவப்படக் கூடாது.

ஹரிணி: சொல்லுங்க.

யோகராஜ்: ஜூலையில... குவார்ட்டர்ஸ் அலாட் ஆச்சு. ரெண்டு ரூம். புதுசா பெயிண்ட் அடிச்சது. கிச்சன் தனியா. நான் ஒரு நாள் மத்தியானம் போய்ப் பாத்துட்டு வந்தேன்.

ஹரிணி: ம்.

யோகராஜ்: சாவி வாங்கலாம்னுதான் இருந்தேன். அம்மாகிட்ட சொன்னேன். அம்மா ரெண்டு நாள் சாப்பிடல. ஒரே ஆம்பளப் புள்ள, கல்யாணமாகி நாலு மாசத்துல பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டுப் போனா ஊர் என்ன பேசும்னு அழுதா. ஊர் என்னைப் பேசாது, உன்னைத்தான் பேசும்... மெயின்லேண்டுல இருந்து வந்து பிரிச்சுட்டாள்னு... அதனால வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. லிஸ்ட்டு, நம்பர்னு ஏதோ சொல்லிட்டேன். ரொம்ப நாளா மனசு அரிச்சுக்கிட்டே இருக்கு. நிஜமா... இன்னைக்கு ராத்திரி ரூம் கிடைச்சா அங்க வச்சு உன்கிட்ட சொல்லிரணும்னுதான் நினைச்சேன்.

ஹரிணி: தெரியும். ஆகஸ்ட்டுல உங்க ரெயின்கோட்டைக் காயப் போட்டப்ப பையில அந்த லெட்டரோட காப்பி கிடைச்சது. மூணு மாசமா நானும் அதை மெல்லவும் முடியாம முழுங்கவும் முடியாம, நீங்களாச் சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். மெதுவாக் கேக்குற கேள்வியா அது? தொண்டை கிழியக் கத்திக் கேக்கணும்னுதான் ஒரு ரூம் கேட்டேன். ரூம்தான் இந்த ஊர்ல நமக்கு இல்லைன்னுட்டாங்களே! கையை விடுங்க... வாட்ச்மேன் வந்தா வரட்டும், பன்னீர்செல்வம் அண்ணன் திரும்பி வந்து கேட்டாலும் கேக்கட்டும். யோகராஜ்! யாரைக் கேட்டு என் வீட்டை வேண்டாம்னு எழுதிக் குடுத்தே?