ஏழு ஸ்லைடுகள்

டமார் என்று வெடித்தது பலூன். கடையில் வாங்கிய பலூன் இல்லை மேடம். ஆபரேஷன் கையுறையை ஊதி, முடிச்சுப் போட்டு, ஐந்து விரலும் மேலே நீட்டிக்கொண்டிருக்க, நர்ஸ்கள் வார்டு முழுக்கக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் ஒன்று வெடித்ததும் எங்கள் பெரிய டாக்டர் துள்ளிக் குதித்து, கையிலிருந்த கேக்கைத் தன் சட்டையிலேயே அப்பிக்கொண்டார். வார்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எங்கள் நோயாளி தையல்காரம்மா சிரித்த சிரிப்பில் அவர் போட்டிருந்த துணித்தொப்பி நழுவி விழுந்து, மொட்டைத்தலை பளபளத்தது. அதற்கும் சேர்த்து அவரே சிரித்தார்.

அவருடைய ரத்தப் புற்றுநோய் சுவடே இல்லாமல் போய்விட்டது என்று அன்றைக்குத்தான் அறிவித்திருந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் வேறு கிடையாது. உங்கள் விசாரணைக் குறிப்பில் இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இனி சொல்லப்போவதை மட்டும் கேட்டால், நான் உர்ரென்று திரிகிற ஆள் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடும். நான் கலகலப்பானவன். வார்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் இரண்டாம் வருட ஃபெல்லோ. அதாவது, பொது மருத்துவத்தில் மேல்படிப்பை முடித்துவிட்டு, ரத்த நோய்க்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் தனியாக மூன்று வருடம் பயிற்சி எடுப்பவன். என்னோடு சேர்ந்தவள் ஒருத்தி. எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்வதால் அவளுக்கு ‘வக்கீல்’ என்று பெயர். எனக்கு ‘பிஸ்கட்’ என்று பெயர். அதற்குக் காரணம் புதன்கிழமை.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஸ்லைடு வகுப்பு. பத்துப் பேர் ஒரே நேரத்தில் கண்ணை வைத்துப் பார்க்கக்கூடிய பெரிய மைக்ரோஸ்கோப் ஒன்று எங்களிடம் இருந்தது. அன்று காலையில் நோயாளிகளின் இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்த மஜ்ஜையை, கண்ணாடி ஸ்லைடில் தேய்த்துச் சாயமேற்றி அதன் அடியில் வைப்பார்கள். ஸ்லைடை வைப்பதற்கு முன்பே, நோயாளியின் கதையை மட்டும் வைத்து, என்ன நோய் என்று ஃபெல்லோக்கள் பந்தயம் கட்ட வேண்டும். தோற்றவர் அடுத்த வாரம் பிஸ்கட் கொண்டுவர வேண்டும். பதினெட்டு மாதமாக நான்தான் கொண்டுவந்தேன். கடைக்காரர் என் தலையைக் கண்டதுமே பொட்டலத்தை எடுத்து வைத்துவிடுவார். பெரிய டாக்டர் டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டே, “உன்னால எங்களுக்கெல்லாம் சர்க்கரை வரப்போகுதுடா” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்கிற விஷயம்தானே.

அந்தப் புதன்கிழமை காலை எனக்கு இரண்டு மஜ்ஜை எடுக்கும் வேலை. முதல் அறையில் தையல்காரம்மா. அடுத்த அறையில் டிரைவர் அண்ணன். நகரப் பேருந்து ஓட்டுபவர். இருவருக்கும் நாற்பதைத் தாண்டிய வயது. இருவருக்கும் ரத்த அணுக்கள் எல்லா வகையிலும் குறைவு. காரணத்தை ரத்தத்தில் பார்க்க முடியவில்லை, எலும்புக்குள்தான் பார்க்க வேண்டும்.

தையல்காரம்மா கவிழ்ந்து படுத்தபடியே என்னோடு பேசிக்கொண்டிருந்தார். “தம்பி, உங்க கோட்டுக்குத் தோள் ரெண்டு விரல் இறங்கியிருக்கு. யார் தைச்சது, அவன் கையை உடைக்கணும்” என்றார். ஊசி உள்ளே போனதும் பேச்சு நின்று அழ ஆரம்பித்தார். பாவமாக இருந்தது. ஐந்து ஸ்லைடோடு நிறுத்திக்கொண்டேன். டிரைவர் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அவருடைய மஜ்ஜையில் ஏழு ஸ்லைடு தேய்த்தேன்.

நோயாளியின் பக்கத்தில் நின்றபடியே பெயர் ஒட்ட வேண்டும் என்பது விதி. நான் ஸ்லைடுகளும் குரோமோசோம் பரிசோதனைக்கான மஜ்ஜைக் குப்பியும் இருந்த இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு கைகழுவும் தொட்டிக்குப் போய், அங்கே நின்று ஒன்றாக ஒட்டினேன். பையில் பெயர்ச்சீட்டு இரண்டு கட்டு இருந்தது. ஒரு ஊகத்தில் ஒட்டினேன். அது தவறுதான். யாருக்கும் நடக்கக்கூடிய தவறு.

பன்னிரண்டு மணிக்குத் தையல்காரம்மாவின் கதையைப் படித்தார்கள். வக்கீல் உடனே சொன்னாள், “வைட்டமின் குறைபாடு சார். நாக்கைப் பாத்தேன், வழவழன்னு இருக்கு. பி-12 அளவும் கம்மி.”

அவளோடு ஒத்துப்போனால் எனக்கென்ன மரியாதை? குருட்டாம்போக்கில், “ரத்தப் புற்றுநோய்” என்றேன்.

“பிஸ்கட், இந்தத் தடவை க்ரீம் வச்சது வாங்கு” என்று யாரோ சொன்னார்கள். ஸ்லைடை வைத்தார்கள். பத்துத் தலையும் குனிந்தன.

புற்றணுக்கள் மேடம். சந்தைக் கூட்டம் மாதிரி, இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

 பெரிய டாக்டர் எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். “பய பிடிச்சிட்டான்யா.” வக்கீல் விடவில்லை: “சார், பி-12 கம்மியா இருக்கே?” பெரிய டாக்டர் சொன்னார், “புத்துநோய் வந்தவங்களுக்கு வைட்டமின் குறையக்கூடாதுன்னு சட்டம் இருக்காம்மா வக்கீலு? ரெண்டையும் வைத்தியம் பண்ணு.” எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்தது டிரைவர் அண்ணன் பெயர் போட்ட ஸ்லைடு. “இதுதான் வைட்டமின் குறைபாடு” என்றேன். அதுவும் சரி. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தட்டுகளைத் திரும்ப எடுத்து வைத்தவன் நான்தான். தையல்காரம்மாவின் தட்டில் ஏழு ஸ்லைடு இருந்தன. டிரைவர் அண்ணனின் தட்டில் ஐந்து.

எனக்கு எண்ணத் தெரியும் மேடம். ஒருமுறை எண்ணினேன், இன்னொருமுறை எண்ணினேன். நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். அவர் தொலைபேசியில் தன் மனைவியிடம், “அந்தப் பிஸ்கட் பயலைப் பத்திச் சொல்வேன்ல? இன்னிக்கு எங்க எல்லாருக்கும் மேல பாத்துட்டான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். என்ன விஷயம் என்று கேட்டபோது, தையல்காரம்மாவுக்கு மருந்து எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆரம்பித்தோம். ஏழு நாள் நரம்பில் ஏற்றும் புற்றுநோய் மருந்து, அதில் மூன்று நாள் இன்னும் கடுமையான சிவப்பு நிற மருந்தும் சேர்த்து. கூடவே பி-12 ஊசி. டிரைவர் அண்ணனுக்கு வெறும் பி-12 ஊசி எழுதி வீட்டுக்கு அனுப்பினோம். அவர் கண்கலங்கி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “புத்துநோயா இருக்குமோன்னு பயந்து செத்துட்டேன் தம்பி. நீங்க தெய்வம்” என்றார். ஒரு மனிதனுக்கு நல்ல செய்தி சொல்வதில் எவ்வளவு ஆனந்தம் என்று அன்று தெரிந்தது.

தையல்காரம்மாவுக்கு வாந்தி, வாய்ப்புண், முடி உதிர்வு எல்லாம் வந்தன. அவரை என்னை மாதிரி யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்தேன். தெம்பு வந்த நேரங்களில் அவர் படுக்கையில் உட்கார்ந்து, வார்டில் முடியிழந்த எல்லோருக்கும் துண்டுத்துணியில் தொப்பி தைத்தார். அளவெடுக்க மாட்டார். ஆளைப் பார்ப்பார், “உங்களுக்கு மண்டை கொஞ்சம் கோணல்” என்பார், வெட்டிவிடுவார். கச்சிதமாக இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் குரோமோசோம் அறிக்கை வந்தது. அறிக்கைகளை வாங்கி அடுக்குவது ஃபெல்லோ வேலை என்பதால் முதலில் பார்த்தது நான். தையல்காரம்மாவின் பெயருக்கு நேராக, எக்ஸ் ஒய் என்று போட்டிருந்தது. எக்ஸ் ஒய் என்றால் ஆண். டிரைவர் அண்ணனின் மஜ்ஜைதானே அது, பின்னே எப்படி இருக்கும்?

பரிசோதனைக் கூடத்து அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, சாப்டீங்களா? ஒண்ணுமில்ல, எங்க தையல்காரம்மாவை ஆம்பளையா மாத்திட்டீங்க.”

“ஐயையோ, என்ன தம்பி சொல்றீங்க?”

“எக்ஸ் ஒய்னு அடிச்சிருக்கு. ரெண்டு பொண்ணு பெத்தவங்கக்கா அவங்க.”

“பழைய ஃபைல் மேலயே அடிச்சுத் தொலைச்சிருப்பாங்க. தம்பி, பெரியவர் காதுக்குப் போச்சுன்னா என் தோலை உரிச்சிடுவார்.”

“நான் எதுக்குக்கா சொல்லப்போறேன்? மாத்தி ஒண்ணு அனுப்பிடுங்க, பழசைக் கிழிச்சுடறேன்.”

“நீங்க நல்லா இருக்கணும் தம்பி.”

இருவரும் சிரித்துக்கொண்டே வைத்தோம். யாருக்கும் மனக்கஷ்டம் வரவில்லை. அந்த நாளில் டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டு வைத்தியம் ஆரம்பித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்கிறீர்கள். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது. கொஞ்சம் கூடவே இருக்கலாம்.

மூன்றாவது வாரம் அவர் மனைவியோடு புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். ஈறில் ரத்தம், தொடையில் நீலம் நீலமாகத் திட்டு.

“தம்பி, ஊசி போட்டும் மூச்சு வாங்குது. நேத்து பஸ்ஸை ஓரங்கட்டிட்டு ஸ்டீயரிங்லயே சாஞ்சுட்டேன். பின்னாடி ஒருத்தன், ‘டிரைவருக்குத் தாலாட்டு பாடுங்கப்பா’ங்கறான்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நல்ல மனிதர். “ஊசி வேலை செய்ய ஆறு வாரம் ஆகும்ணே” என்றேன்.

அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. “இன்னொரு தடவை எலும்புல ஊசி போட்டுப் பாத்துடலாமா டாக்டர்?”

“எதுக்குக்கா, சும்மா சும்மா அவருக்கு வலிக்குமே?”

இரண்டு பை ரத்தம் ஏற்றி அனுப்பினேன். கையோடு விடுப்புச் சான்றிதழும் எழுதிக் கொடுத்தேன். அதை நீங்கள் கவனிக்க வேண்டும். எட்டு நாள் கழித்து, வீட்டில் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவர் மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனார். நான் சான்றிதழ் கொடுக்காமல் இருந்திருந்தால் அது பேருந்தில் நடந்திருக்கும். நாற்பது ஐம்பது பேர் என்னால் பிழைத்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். நான் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

அதற்கடுத்த புதன்கிழமை தையல்காரம்மாவுக்கு மறுபடி மஜ்ஜை எடுத்தோம். இந்த முறை பக்கத்தில் நின்றே பெயர் ஒட்டினேன். ஒரு புற்றணு இல்லை. தேடித் தேடிப் பார்த்தார்கள், ஒன்றுகூட இல்லை. ரத்த அணுக்கள் எல்லாம் துள்ளி ஏறியிருந்தன. “என் முப்பது வருஷத்துல இப்படி ஒரு பலனைப் பாத்ததில்லை” என்றார் பெரிய டாக்டர். கையுறை பலூன், கேக், எல்லாம் அன்றைக்குத்தான். வக்கீல்கூட என்னைக் கட்டிக்கொண்டு, “தோத்துட்டேன்டா பிஸ்கட்” என்றாள். தையல்காரம்மா என் கோட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் அரைமணியில் தோளைச் சரிசெய்து கொண்டுவந்தார். போட்டதும் எல்லோரும் விசிலடித்தார்கள். நான் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன்.

வழக்கப்படி அவருக்கு இரண்டாவது சுற்று மருந்து தர வேண்டும். முதல் சுற்றைவிடக் கடுமையானது. நான் வாய் திறக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. “சார், இவங்களுக்கு ஒண்ணே போதாதா?” என்று கேட்டேன். “இவ்வளவு நல்லாக் கேட்கிற நோயைப் பாதியில விட்டா, திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும்டா” என்றார். அனுபவசாலி. அவர் சொன்னது தவறு என்று காட்ட எனக்குத் தெரிந்த ஒரே வழி, அந்த ஐந்து, ஏழு ஸ்லைடு கணக்கைச் சொல்வது. மறுநாள் காலை அவர் என்னைக் கூப்பிட்டு, பயிற்சி முடிந்ததும் இங்கேயே டாக்டராகச் சேர்ந்துவிடு என்றார். மருந்துச்சீட்டை நானே என் கைப்பட எழுதினேன். அளவை இரண்டு முறை சரிபார்த்தேன்.

இரண்டாவது சுற்று ஆரம்பித்த பதினான்காம் நாள் தையல்காரம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஒரு துளி இல்லை. இரண்டே நாள்.

வார்டில் யார் இறந்தாலும் ஆய்வுக் கூட்டம் நடத்துவோம். அதில் காட்டுவதற்காக வக்கீல் பரிசோதனைக் கூடத்துக்குப் போய், குரோமோசோம் படத்தின் மூலப்பிரதியை வாங்கி வந்தாள். அறிக்கையை மாற்றி அடித்த அக்கா, படத்தை மாற்றவில்லை. நடைபாதையில் என்னை நிறுத்தி, “பிஸ்கட், தையல்காரம்மாவுக்கு ஒய் குரோமோசோம் எங்கேருந்துடா வந்துச்சு?” என்று கேட்டாள்.

அங்கேயே, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒளிவுமறைவு எனக்குப் பழக்கமில்லை. சொல்லி முடித்ததும் உடம்பு அப்படியே லேசாகிவிட்டது. அவள் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

இவ்வளவுதான் மேடம். நீங்கள் நிதானமாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டீர்கள், நன்றி. கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒன்று கேட்டீர்கள்: “அப்போ ரெண்டு பேரையும் நீங்கதான் கொன்னீங்கன்னு எழுதிக்கலாமா?”

“டிரைவர் அண்ணன் விஷயத்துல எழுதிக்கோங்க மேடம், கையெழுத்துப் போடறேன். தையல்காரம்மாவை மட்டும் அதுல சேர்க்காதீங்க. அவங்க போனது காய்ச்சல்ல, கேன்சர் கடைசி வரைக்கும் திரும்பி வரவே இல்லை.”