கவின் எடுத்த முப்பத்தேழு படங்கள்

சூரியன் கடலில் இறங்குவதைப் படமெடுக்கப் பெரிய கேமராவெல்லாம் வேண்டியதில்லை அய்யா. என் மகன் கவின் எட்டாயிரம் ரூபாய் போனில்தான் எடுத்தான். அடிவானம் கொஞ்சமும் கோணாது. இருபத்தொன்பது வயதாகியும் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாதவனுக்கு அது மட்டும் எப்படி வந்ததென்று எனக்கும் ஆச்சரியம்தான்.

சத்தியமங்கலத்தில் எங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தால் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். மிச்சத்தை மலை தின்றுவிட்டதென்று தினமும் கோபித்துக்கொள்வான். ஒருநாள் டீவியில் கடலைக் காட்டினார்கள். அங்கே மலை இல்லை. அன்று முதல், சோறு ஊட்டும்போதெல்லாம் "கடலுக்குப் போலாங்கப்பா" என்பான்.

சித்திரையில் எனக்கு நுரையீரலில் புற்று என்று சொன்னார்கள். தீபாவளி வரை இருந்தால் அதிகம் என்றார் டாக்டர். என் மனைவி போய் இரண்டு வருடமாகிறது. சாவதற்கு நான் பயப்படவில்லை. எனக்குப் பிறகு அவனைக் குளிப்பாட்டுவது யார் என்ற பயம்தான். இவனைப் போன்றவர்களை வைத்துப் பார்க்கும் விடுதி ஒன்றைப் போய்ப் பார்த்தேன். ஒருவனை ஜன்னல் கம்பியில் கட்டிவைத்திருந்தார்கள். திரும்பி வந்து மாட்டுக் கொட்டகையில் நின்று வாய்விட்டு அழுதேன்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நான் ஆத்திரப்படவில்லை, ஒரு மாதம் யோசித்தேன். கோயம்புத்தூர் உக்கடத்தில் ஷாஹுல் என்பவர் கடையில், போனைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளத் தண்ணீர் புகாத உறை ஒன்று வாங்கினேன்.

"ஏனுங்க, ரொம்ப நேரம் தண்ணிக்குள்ள கெடந்தாலும் தாங்குமுங்களா?"

"ஒண்ணும் ஆகாதுங்க. தைரியமா எடுத்துட்டுப் போங்க."

அவன் எடுக்கும் படங்கள் கெட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

கேரளக் கடற்கரையில் இருக்கும் பொன்னானிக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆளில்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். அவனுக்குப் பிடித்த தேங்காய் பன்னைப் பிட்டு ஊட்டினேன். வாயைத் துடைத்துவிட்டு உறையைக் கழுத்தில் மாட்டினேன். சூரியன் தண்ணீரைத் தொட்டதும் எழுந்து நின்றான்.

"எட்ட இருக்குதுங்கப்பா."

"கிட்டப் போய் எடு கண்ணு," என்றேன்.

முழங்காலளவு தண்ணீரில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். தலையாட்டினேன். இடுப்பளவிலும் நின்று பார்த்தான். அப்போதும் தலையாட்டினேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் புவனாவைச் சென்னிமலையில் கொடுத்திருக்கிறேன். அன்று காலையில் அவள் போன் செய்தாள். "அப்பா, தம்பியை இங்க கூட்டியாந்துருங்க. மாமாவே ஒரு ரூமை ஒழிச்சு வெச்சுட்டாருங்க. நான் பாத்துக்கறனுங்க." மாமா என்றது என் சம்பந்தி பாலுசாமியை. தங்கமான மனிதர். "சரி அம்மணி" என்று போனை வைத்துவிட்டேன். பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கவே கூச்சப்படுகிறவன் நான். ராசப்பன் மகனைச் சம்பந்தி வீட்டில் கழுவி விடுகிறார்கள் என்று ஊர் பேசினால் செத்த பிறகும் எனக்குத் தலை நிமிராது. ஆனால் அதற்காக நான் இதைச் செய்யவில்லை. அவன் அனாதையாகத் தவிக்கக் கூடாது என்றுதான் செய்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் கழுத்திலிருந்து எடுத்த போனில் முப்பத்தேழு படங்கள் இருப்பதாகச் சொன்னீர்கள். கடைசிப் படத்தில் சூரியன் இல்லை. மார்பளவு தண்ணீரில் நின்று, திரும்பி, என்னை எடுத்திருக்கிறான். கரையில் நான் கையை உயர்த்தி நிற்கிறேன். பெற்ற மனம் பதறி மகனைக் கூப்பிடுகிறது என்று நீங்களாக நினைத்து, விபத்து என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கிறீர்கள். உங்கள் இரக்கத்துக்குக் கும்பிடு. ஆனால் அது கூப்பிட்ட கை அல்ல அய்யா. இன்னும் போ என்று காட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே போனான்.