மூக்காயியின் நல்ல கால்

இந்தப் பொலிஸ் ஸ்டேஷன் தேத்தண்ணி நல்ல சாயமாக இருக்கிறது, நளீர் சேர். பன்வில மலையில் கொழுந்து பறித்துக் கொடுக்கிற எங்களுக்கு வருவது கூட்டித் தள்ளின தூள்தான். குடித்துக்கொண்டே சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள்.

பெயர் சின்னமுத்து. வயது நாற்பத்திநாலு. தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலை என்பது விட்டால் மரமாகிப் போகிற சாதி. இடுப்புக்கு மேல் வளரவிடாமல் அதை வெட்டி வைப்பதால்தான் இத்தனை பேருக்குச் சோறு. வெட்டுச் சாய்வாக, பிசிறில்லாமல் விழவேண்டும். என் வெட்டை இதுவரை எந்தக் கங்காணியும் குறை சொன்னதில்லை.

மூக்காயி என் ஒரே தங்கச்சி. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனது. அம்மா சாகும்போது அவளை என் கையில்தான் ஒப்படைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவளுக்கு அரசாங்கம் கொடுக்கிற ஊனமுற்றோர் கொடுப்பனவைக் காப்பாற்றி வருகிறேன். லேசான வேலையென்று நினைக்காதீர்கள். கையில் நாலு காசோ காணியோ இருந்தால் நிறுத்திவிடுவார்கள். ஆகவே அவளுக்கு ஒன்றுமே இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அம்மாவின் சேமலாப நிதியை என் பேருக்கு எடுத்தேன். அவளுக்கென்று வந்த ஏழு பேர்ச் காணியின் உறுதிப் பத்திரத்தையும் என் பேருக்கு மாற்றினேன். காதுத்தோடு மட்டும் மிச்சமிருந்தது. கிராம சேவகர் கண்ணில் பட்டால் வம்பு என்று அதையும் கழற்றி வாங்கி, மோட்டார் சைக்கிளுக்கு முற்பணம் கட்டினேன். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான். அவளுக்கு அதில் ஏறி உட்கார வராது, அது வேறு கதை.

பக்கத்து லய வீட்டுப் பேச்சியம்மா பைப்படியில் நின்றுகொண்டு, என் காதில் விழுகிற மாதிரி சொல்லுவாள்: "தங்கச்சிக்கு நடக்கத்தான் காலு இல்ல. இவரு நிக்கிறதே அவ கால்லதான்." படிக்காத பொம்பிளை. முன்யோசனை என்றால் அவளுக்கு என்ன தெரியும்.

கெடுத்தது ஸக்கியா டீச்சர். கட்டுகஸ்தோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறவர், மூக்காயிக்குத் தையல் பழக்கினவர். நல்ல மனுஷி, ஆனால் பின்விளைவைப் பார்க்கமாட்டார். யாரையோ பிடித்து மூக்காயிக்கு இரும்புச் சட்டம் வைத்த சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் அவள் நல்ல காலை ஊன்றி, சட்டக் காலை இழுத்து, பஸ் நிற்கிற சந்தி வரை போய்விட்டாள். லயமே கைதட்டியது. நான் ஒருவன்தான் வரப்போவதை யோசித்தேன்.

"திங்கக்கெழமயிலருந்து கடைக்கி வரச் சொல்லிட்டாங்கண்ணே. சம்பளத்துக்கு," என்றாள்.

"சம்பளம் வந்தா கொடுப்பனவு போயிரும்."

"போனா போகட்டுமே. நான் நடந்தா ஒனக்கு எங்கண்ணே வலிக்குது?"

பொறுத்துக்கொண்டேன். சப்பாத்தை ஒளித்தேன்; தேடி எடுத்துவிட்டாள். வாரை அறுத்தேன், தையல்காரியிடம் வாரை அறுத்து என்ன பயன், உட்கார்ந்து தைத்துவிட்டாள்.

பிரதேச செயலக வாசலில் மனு எழுதுகிற கணபதி அண்ணனிடம், கொடுப்பனவு நிற்காமலிருக்க வழி கேட்டேன். "ஒத்தக் காலுன்னா அப்பப்ப கூப்புட்டுப் பாப்பாங்க தம்பி. ரெண்டு காலும்னா யாரு பாக்கப் போறா? ஆயுசுக்கும் வரும்," என்றார். பேச்சுவாக்கில் சொன்னதுதான். பாவம், அவரை இதில் இழுக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் குளித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து, மறுநாள் கட்டுகிற பாவாடைக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கால் நகம் வெட்டிவிடுவது நான்தான். "நல்ல கால நீட்டு, நகம் வெட்டி விடுறேன்," என்றேன். நீட்டினாள். என் கையிலிருந்ததைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னாண்ணே, கவ்வாத்துக் கத்தியிலயா நகம் வெட்டப் போறே?"

குதிகாலுக்கு மேலே ஒரு நரம்பு கயிறு மாதிரி ஓடும். சாய்வாக ஒரே வெட்டு. இரண்டாவது தேவைப்படவில்லை.

துணி சுற்றிக் கட்டி, நானேதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கத்தி கைதவறி விழுந்ததாகச் சொல்லும்படி வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அவளோ வார்டுக்குள் போனதும் தாதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. நான்தான் வெட்டினேன், வேண்டுமென்றே வெட்டினேன். கையெழுத்தும் போடுகிறேன். ஒரே ஒரு உதவி. இப்போதெல்லாம் டாக்டர்மார் நரம்பைச் சேர்த்துத் தைத்துவிடுகிறார்களாமே. தைப்பதற்கு முன்னால், இரண்டு காலும் வராது என்று ஓர் அறிக்கை மட்டும் வாங்கி வைத்துவிடுங்கள், சேர். அவள் எதிர்காலத்தை யோசிக்க என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.