காசம்மாளுக்கு நான் கொடுத்த குரல்

பாகூர், 12 மார்ச் 1933.

நேற்றைய குறிப்பில் ஒரு சிறு பிழை. மிளகுப்பாலைக் காய்ச்சியது ராமாயி என்று எழுதிவிட்டேன். காய்ச்சியது நான். எழுதியதை அடிக்கக் கூடாது, மறுநாள் தேதி போட்டுத் திருத்த வேண்டும் என்பார் மாலை வகுப்பு வாத்தியார். திருத்திவிட்டேன்.

காசம்மாள் எங்கள் வயலில் நடவு நடும் ராமாயியின் மகள். மதராஸுக்குப் போய், விஜயகுமாரி என்று பெயர் வைத்துக்கொண்டு ஊமைப் படங்களில் நடித்தாள். நடிப்பு என்பது பெரிய வார்த்தை. கண்ணை உருட்டுவாள், மாரில் கை வைப்பாள். அந்த வெறும் வாயசைப்புக்கு அர்த்தம் கொடுத்தவன் நான். இங்கே டென்ட் கொட்டகையில் படம் ஓடும்போது திரையோரம் நின்று கதை சொல்வதும், அவளுக்காகப் பேசுவதும் என் வேலை. நான் அழுதால் பெண்கள் முந்தானையை எடுப்பார்கள். அவர்களை அழவைத்தது அவள் முகமோ என்று எனக்கே சில சமயம் சந்தேகம் வந்ததுண்டு. இப்போது இல்லை.

பேசும் படம் வந்துவிட்டது. குரல் பார்க்க அவளை மதராஸுக்கு அழைத்திருந்தார்கள். அது தவறினால் அவளுக்குத் திரும்பவும் எங்கள் சேறுதான். புறப்படுமுன் தாயைப் பார்க்க வந்தாள். எங்கள் தெருவில் பட்டும் செருப்புமாக நடந்தாள். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

"உனக்குப் பேச வருமா?" என்று கேட்டேன்.

"வராம இன்னா சின்னய்யா? கொட்டாயில நீங்க எனக்குப் பேசுனத கேட்டிருந்தா கம்பெனிக்காரரு அன்னிக்கே ஓடிப் பூட்டிருப்பாரு. முள்ளுல மாட்டுன ஆட்டுக்குட்டி மேரி இன்னா ஒரு அழுவ."

வண்டிக்காரன் பக்கிரி சிரித்தான். ராமாயி பதறினாள். "ஏண்டி, யார்கிட்ட இன்னா பேசற? சின்னய்யா, மனசுல வெச்சிக்காதீங்க."

வைத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை, தொண்டைக்கு நல்லது என்று நானே பால் கொண்டுபோனேன். எங்கள் வீட்டுச் செம்பு அவர்கள் வாசலுக்குப் போனது அதுதான் முதல் தடவை. அவள் குவளையில் தூக்கி ஊற்றினேன். எருக்கம்பாலின் கசப்பை மிளகு மறைத்திருந்தது.

நாங்கள் கொடுப்பதை அவர்கள் மறுப்பதில்லை. எங்கள் எதிரில் துப்புவதும் இல்லை. முதல் மிடற்றிலேயே அவள் கண் கலங்கியது.

"எரியுது சின்னய்யா."

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மீதியையும் குடித்தாள். பட்டும் செருப்பும் அவளை எவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தன என்று அப்போது தெரிந்தது.

உயிருக்குப் பயமில்லை, குரல் திரும்பாது என்றார் டாக்டர். இன்று பிரெஞ்சுப் போலீஸ் கொம்மிசேர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஊரில் பிரெஞ்சு படித்தவன் நான் ஒருவன்தான். பாலைக் காய்ச்சியது தாய் என்றேன். ராமாயியை அழைத்துப் போனார்கள். "சின்னய்யா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முனகிக்கொண்டே போனாள்.

படுக்கையிலிருந்து காசம்மாள் என் பக்கம் கையை நீட்டினாள். தன் தொண்டையைக் காட்டினாள். மறுபடி என்னைக் காட்டினாள். திரையில்கூட அவள் இவ்வளவு தெளிவாக நடித்ததில்லை. என்ன சொல்கிறாள் என்று கொம்மிசேர் கேட்டார்.

தண்ணீர் கேட்கிறாள் என்றேன்.

அவளுக்கு எழுதத் தெரியாது. பாவம், நான் இல்லாவிட்டால் அவளுக்கு யார் பேசுவார்கள்?

நாளை காலை எட்டு மணிக்கு அவளிடம் வாக்குமூலம் வாங்குகிறார்கள். அவள் சைகைகளுக்கு நான் அர்த்தம் சொல்ல வேண்டும்.